வலியின் எண் குறைந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்டோமெட்ரியோசிஸ் நோயின் வலிக்குத் தரப்படும் ஹார்மோன் மருந்துகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். 14 ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்ந்துவருபவள் நான். வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திப் பேசப்படும் ஒரு நோய்க்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்காகத் தங்களுக்கு முதலில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆயினும், மருந்துகளை வலியை எவ்வளவு குறைக்கின்றன என்ற ஒரே அளவுகோலால் அளந்து, முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிட்ட முறையில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டியலைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், "முதலில் இருக்கும் மருந்தையே எழுதிக்கொடுங்கள்" என்று கேட்கப்போகும் பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் படலத்தைப் போன்ற திசு, சினைப்பை, கருப்பையைத் தாங்கும் தசைநார்கள், குடலின் வெளிப்பரப்பு, சிறுநீர்ப்பை என்று இருக்கக்கூடாத இடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. இந்தத் திசு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொண்டு வளர்கிறது, அழற்சியை உண்டாக்குகிறது, நரம்புகளைச் சீண்டுகிறது. ஆகவே இதற்கான ஹார்மோன் சிகிச்சைகள் அனைத்தும், மாத்திரையோ ஊசியோ கருப்பைக்குள் பொருத்தும் சாதனமோ எதுவாயினும், ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பது அல்லது புரோஜெஸ்டோஜன் என்ற, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலைசெய்யும் மருந்தைக் கொண்டு அதன் வேலையைத் தடுப்பது என்ற இரண்டு வழிகளில் ஒன்றையோ இரண்டையும் சேர்த்தோ பயன்படுத்துகின்றன. அடிப்படை ஒன்றாக இருப்பதால் வலியைக் குறைப்பதில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாமல் இருப்பதில் வியப்பில்லை. கட்டுரையின் பட்டியல் மறைத்துவிட்ட முதல் உண்மை இதுதான்.

மருந்தை மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டோஜன் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களையும், மாதம் ஒருமுறை ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் லியூப்ரோலைடு ஊசி போட்டுக்கொண்டவர்களையும் 24 வாரங்கள் ஒப்பிட்டார்கள். வலியை 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னபோது, மாத்திரைக்காரர்களுக்கு 47.5 மில்லிமீட்டரும் ஊசிக்காரர்களுக்கு 46 மில்லிமீட்டரும் குறைந்திருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாட்டை வைத்து எந்த மருந்துக்கும் முதலிடம் கொடுக்க முடியாது. ஆனால் அதே ஆய்வில் எலும்பின் அடர்த்தியை அளந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் மாற்றம் ஏறக்குறைய இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களிடமோ ஆறு மாதத்துக்குள் சுமார் 4 விழுக்காடு குறைந்திருந்தது. உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும் தொல்லையும் ஊசிப் பிரிவில்தான் மிகுதி. வலி என்ற ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. அந்த மருந்தோடு குடித்தனம் நடத்த வேண்டியவளின் கண்ணுக்கோ அவை இரண்டும் வெவ்வேறு சிகிச்சைகள்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறுகச் சிறுக வெளியிடும் கருப்பைச் சாதனத்தை இதே வகை ஊசியோடு ஒப்பிட்டு 2005இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்விலும் ஆறு மாத முடிவில் வலி இரண்டு பிரிவிலும் ஒரே அளவில்தான் தணிந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசியை லியூப்ரோலைடு ஊசியோடு ஒப்பிட்டபோதும் முடிவு மாறவில்லை. அறுவைக்குப் பின் நோய் திரும்பாமல் இருக்க எது நல்லது என்று பிரிட்டனில் 34 மருத்துவமனைகளில் 405 பெண்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2024இல் வெளியானது. சாதாரணக் கருத்தடை மாத்திரை ஒருபுறம். நீண்ட நாள் வேலைசெய்யும் புரோஜெஸ்டோஜன், அதாவது கருப்பைச் சாதனமோ மூன்று மாத ஊசியோ மறுபுறம். இரு பிரிவிலும் வலி, அறுவைக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஒன்றை ஒன்று விஞ்சவில்லை. ஆனால் மீண்டும் அறுவைக்கோ அடுத்த கட்ட மருந்துக்கோ போக வேண்டிவந்தவர்கள் நீண்ட நாள் புரோஜெஸ்டோஜன் பிரிவில் குறைவு. மூன்று ஆண்டுகள் காத்திருந்து பார்த்ததால்தான் இந்த வேறுபாடு கண்ணில் பட்டது. இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் மூன்று அல்லது ஆறு மாதத்தில் முடிந்துவிடுகின்றன. எங்கள் நோயோ பள்ளிப் பருவத்தில் தொடங்கி மாதவிடாய் நிற்கும்வரை கூடவே வருகிறது.

பட்டியலின் முதலிடத்தில் தாங்கள் வைத்திருந்த புதிய வகை மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் எலகோலிக்ஸ் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வகையான ரெலுகோலிக்ஸுடன் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனும் நோரெதிஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டோஜனும் சேர்த்த மாத்திரைக்கு 2022இல் அங்கே இந்த நோய்க்கான அனுமதி கிடைத்தது. இவை நல்ல மருந்துகள். ஊசிக்குப் பதிலாக விழுங்கக்கூடியவை. நிறுத்தினால் விரைவில் உடலை விட்டு நீங்குபவை. அவற்றின் வரவில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கட்டுரையில் தரப்பட்டிருந்த 75 விழுக்காடு என்ற எண் எதனோடு ஒப்பிட்டுக் கிடைத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெரிய ஆய்வுகளில் ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரை நிறுத்தப்பட்டது மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கு எதிரில். டைனோஜெஸ்டுக்கோ கருத்தடை மாத்திரைக்கோ எதிரில் அல்ல. மாதவிடாய் வலி போதிய அளவு தணிந்தவர்கள் மருந்துப் பிரிவில் 75 விழுக்காடு. போலி மாத்திரைப் பிரிவில் 27 முதல் 30 விழுக்காடு. மாதவிடாய் அல்லாத நாட்களின் இடுப்பு வலியில் இதே இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது: ஓர் ஆய்வில் 59க்கு 40, இன்னொன்றில் 66க்கு 43. எந்த வலியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் தரப்படும் விழுக்காடு, மாதத்தில் இருபது நாட்கள் மந்தமான வலியோடு எழுந்து நடமாடும் ஒரு பெண்ணைத் தவறான எதிர்பார்ப்போடு அனுப்பிவைக்கும்.

எலகோலிக்ஸின் கதை என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதன் முதல் பெரிய ஆய்வில், நாளுக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் எடுத்தவர்களில் மாதவிடாய் வலி தணிந்தவர்கள் 46.4 விழுக்காடு, நாளுக்கு இருமுறை 200 மில்லிகிராம் எடுத்தவர்களில் 75.8 விழுக்காடு. வலிக் கணக்கில் இரண்டாவது அளவே வென்றது. ஆனால் அந்த அளவில் எலும்பு தேயும் வேகமும் கூடுதல் என்பதால், அதை ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றும், குறைந்த அளவை 24 மாதம்வரை தரலாம் என்றும் அமெரிக்காவில் வரையறுத்தார்கள். வலியைக் கூடுதலாகத் தணிக்கும் அளவுக்கு ஆயுள் ஆறு மாதம்தான் என்றால், ஏழாம் மாதம் அந்தப் பெண் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு எந்தத் தரவரிசையிலும் விடை இருக்காது.

பழைய பாடம் ஒன்றும் நம் முன்னே இருக்கிறது. டானசால் என்ற மருந்து 1970களில் இந்த நோய்க்கு அனுமதி பெற்று, ஏறத்தாழ ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. வலியைக் குறைத்ததில் அது சளைத்ததல்ல. பின்னர் வந்த ஊசிகளோடு ஒப்பிட்டபோதும் வலியில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அது ஆண் ஹார்மோனின் இயல்புடையது. முகத்தில் முடி வளர்ந்தது, பருக்கள் வந்தன, எடை ஏறியது, சிலருக்குக் குரல் கட்டையானது. மருந்தை நிறுத்திய பிறகும் அவர்களில் சிலருக்கு அந்தக் குரல் பழைய நிலைக்குத் திரும்பாமலே போனது. இன்று அதை யாரும் முதலில் எழுதுவதில்லை. வலியின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அது இன்றும் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்திருக்கும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இனி என் சொந்த அனுபவம். வலி தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து, வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்த பிறகுதான் எனக்கு நோயின் பெயர் தெரிந்தது. இடது சினைப்பையில், பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி. பின்புறத் தசைநார்களில் படர்ந்த திசு. அறுவைக்குப் பின் மாதம் ஒருமுறை, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பிருந்தே ஒரு கோடு போட்ட நோட்டில் நாள்தோறும் வலியைப் பத்துக்கு இத்தனை என்று குறித்துவருவது என் வழக்கம். ஊசிக்கு முன் 8, 9 என்று நிறைந்திருந்த பக்கங்கள் மூன்றாம் மாதத்தில் 3, 2 என்று மாறின. அந்த எண்களுக்குப் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருப்பதைக் கேளுங்கள்: "வலி 2. இரவு 1.40, 3.10, 4.25. மூன்று முறை உடை மாற்றினேன்." அடுத்த நாள்: "வலி 2. அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நான்கு முறை படித்தும் பொருள் விளங்கவில்லை." அதற்கடுத்த வாரம்: "வலி 3. காரணமே இல்லாமல் அழுகை." மூட்டுகள் இறுகின, பிறப்புறுப்பு வறண்டு, தாம்பத்திய உறவில் நோயினால் வந்த வலி போய் மருந்தினால் வந்த வலி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்த நோட்டோடுதான் அப்போது என்னைப் பார்த்துவந்த மருத்துவரிடம் போனேன். "இப்ப வலி பத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார். "மூன்று, டாக்டர். ஆனால்..." என்று தொடங்கினேன். அவர் அதற்குள் என் அட்டையில், நல்ல முன்னேற்றம், இதே மருந்தைத் தொடரவும் என்று எழுதி முடித்திருந்தார். அவர் கெட்டவர் அல்லர்; வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கேட்கப்படாத கேள்விக்குத்தான் விடை என் நோட்டில் இருந்தது.

வேறொரு மருத்துவரிடம் போன பிறகே, ஊசியோடு சேர்த்துக் குறைந்த அளவில் ஹார்மோனைத் திருப்பிக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு என்று அறிந்தேன். இது புதிய கண்டுபிடிப்பன்று. நோயுற்ற திசுவை ஊட்டி வளர்க்கத் தேவையான ஈஸ்ட்ரோஜனின் அளவைவிட, எலும்பைக் காக்கவும் உடல் கொதிப்பைத் தணிக்கவும் தேவையான அளவு குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் நிறுத்தினால் வலியும் அடங்கும், உடலும் தாங்கும் என்ற கருத்து 1990களின் தொடக்கத்திலேயே முன்வைக்கப்பட்டது. அப்படித் திருப்பிக் கொடுப்பதால் வலி நிவாரணம் கெடுவதில்லை என்பதும் எலும்பு இழப்பு குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. ரெலுகோலிக்ஸ் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனையும் நோரெதிஸ்டிரோனையும் சேர்த்தே வைத்திருப்பதன் காரணமும் இதுவே. அந்தக் கூட்டு மாத்திரை எடுத்தவர்களிடம் 24 வாரங்களில் எலும்பு அடர்த்திக் குறைவு சராசரியாக 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. எனக்கு அது முதல் ஊசியோடேயே கிடைத்திருந்தால் அந்த ஐந்து மாதங்கள் அப்படிக் கழிந்திருக்க வேண்டியதில்லை.

இதனால் ஊசியே கூடாது என்று சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். என்னோடு பணிபுரியும் தோழிக்கும் இதே நோய். புரோஜெஸ்டோஜன் மாத்திரைகளில் அவளுக்கு நாள்தோறும் புள்ளிபுள்ளியாக உதிரம் கசிந்தது. ஏழெட்டு வாரங்களில் மனம் இருண்டுபோய், குழந்தையைத் தூக்கக்கூட ஆசையில்லை என்று என்னிடம் சொன்னாள். ஊசியும் திருப்பிக் கொடுக்கும் ஹார்மோனும் சேர்ந்தபோதுதான் அவளுக்கு நிம்மதி வந்தது. நானோ டைனோஜெஸ்டுக்கு மாறி நான்காம் மாதத்திலிருந்து நன்றாகத் தூங்குகிறேன். முதல் மூன்று மாதம் கசிவு எனக்கும் இருந்தது, அது தானே அடங்கியது. நோய் ஒன்று, ஆய்வுகளில் வலி எண் ஏறக்குறைய ஒன்று, ஆனால் அவளுக்கு உதவியது எனக்கு உதவவில்லை. எனக்கு உதவியது அவளை வாட்டியது.

வாழ்க்கைத்தரம் என்பதை அளக்க முடியாது, அது அவரவர் மனப்போக்கு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. இந்த நோய்க்கென்றே, நோயுற்ற பெண்களிடம் பேசி அவர்கள் சொன்னவற்றிலிருந்து ஆக்ஸ்போர்டில் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் 2001 முதல் இருக்கிறது. முப்பது அடிப்படைக் கேள்விகள், ஐந்து பிரிவுகள். வலி, தன் வாழ்க்கை தன் பிடியில் இல்லை என்ற உணர்வு, மனநலம், சுற்றியிருப்பவர்கள் புரிந்துகொள்கிறார்களா என்பது, தன் உடலைப் பற்றித் தனக்குள்ள எண்ணம். இவை தவிர வேலை, தாம்பத்தியம், குழந்தைகளோடான உறவு, மருத்துவர்களைப் பற்றிய எண்ணம் முதலியவற்றுக்குத் தனிக் கேள்விகள். முப்பதில் பதினொன்றுதான் வலியைப் பற்றியவை. மற்ற பத்தொன்பதும் வலி எண்ணுக்குள் அடங்காதவை என்று நோயுற்ற பெண்களே சொல்லியிருக்கிறார்கள். முன்பு சொன்ன பிரிட்டன் ஆய்வு முதன்மையான அளவாக எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வித்தாளின் வலிப் பிரிவைத்தான். கருவி கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் அதை முழுவதுமாகப் பயன்படுத்தி, முடிவைச் செய்தியின் முதல் பத்தியில் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அப்படியானால் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்று வாசகர்கள் கேட்கலாம். மருந்துகளின் இயல்பு வேறுபடுவதால் பெண்ணின் நிலையைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கருத்தடை மாத்திரைகள் நன்கு பழகியவை. இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுத்தால் மாதவிடாயே வராமல் தள்ளிவைத்து, அந்நாட்களின் வலியைத் தவிர்க்கலாம். ஆனால் கண்முன் ஒளி மின்னும் வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், முன்பு இரத்தக் குழாயில் உறைகட்டி ஏற்பட்டவர்களுக்கும், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. ஹார்மோன் கருப்பைச் சாதனத்தை ஒருமுறை பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் மறந்திருக்கலாம். நாள்தோறும் மாத்திரை விழுங்க மறப்பவர்களுக்கு அது வரம். எனினும் பலருக்கு அதில் கருமுட்டை வெளியாவது தொடர்வதால், சினைப்பைக் கட்டி உள்ளவர்கள் அதைப் பற்றித் தனியே கேட்டறிய வேண்டும். மூன்று மாத ஊசியைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது கரையும்வரை காத்திருக்க வேண்டும், நிறுத்திய பின் கருமுட்டை வெளியாவது திரும்பவும் பல மாதங்கள் ஆகலாம், நெடுநாள் போட்டால் எலும்பையும் கவனிக்க வேண்டும். நோரெதிஸ்டிரோன் மலிவான பழைய மருந்து. டைனோஜெஸ்டோடு ஒப்பிட்டபோது வலியில் அது பின்தங்கவில்லை, ஆனால் டைனோஜெஸ்டைத் தாங்கிக்கொண்டவர்கள் கூடுதல். மனச்சோர்வு முன்பே இருந்தவர்கள் எந்தப் புரோஜெஸ்டோஜனைத் தொடங்கும்போதும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எந்த மருந்தும் எல்லோருக்கும் உதவுவதில்லை என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஹார்மோன் சிகிச்சை ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, 11 முதல் 19 விழுக்காட்டுப் பெண்களுக்கு வலி சிறிதும் குறையவில்லை என்றும், மருந்தை நிறுத்திய பின் 17 முதல் 34 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது என்றும் காட்டியது. பல ஆண்டு வலியில் நரம்பு மண்டலமே வலியைப் பெருக்கிக் காட்டப் பழகிவிட்ட பெண்களுக்கு ஹார்மோன் மட்டும் போதாது. இடுப்புத் தசைகளுக்கான இயன்முறைச் சிகிச்சையும் நரம்பு வலிக்கான மருந்துகளும் தேவைப்படலாம். இதைச் சொல்லாமல் விட்டால், மருந்து கேட்காத பெண் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வாள். அவள் நடிக்கிறாள் என்று வீட்டார் முடிவுகட்டுவார்கள். பக்கவிளைவு தாங்காமல் மருந்தை நிறுத்தும் பெண்ணை வீண் பிடிவாதக்காரி என்று சொல்வதும் அதே அநீதிதான். இதைப் படிக்கும் கணவர்களையும் தாய்மார்களையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: "வலி குறைஞ்சிருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்ற கேள்வியைக் கொஞ்ச காலம் ஒத்திவையுங்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நேரம் போதாது என்பதை அறிவேன். நீண்ட கேள்வித்தாள் வேண்டாம்; வலி எவ்வளவு என்று கேட்ட கையோடு, தூக்கம் எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா, மனம் எப்படி இருக்கிறது, இந்த மருந்தை இன்னும் ஓராண்டு எடுக்கச் சொன்னால் எடுப்பீர்களா என்று கேட்டால் இரண்டு நிமிடம் ஆகும். கடைசிக் கேள்வி ஒன்றே போதும் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. இப்போது என்னைப் பார்க்கும் மருத்துவர் அதைத்தான் கேட்கிறார். என் நோட்டிலும் வலிக்குப் பக்கத்தில் தூக்கம், வேலை, மனம் என்று மூன்று பத்திகளைக் கோடு போட்டுச் சேர்த்துவிட்டேன்.

இறுதியாக, கட்டுரையில் உள்ள இரண்டு தவறுகளைத் திருத்த வேண்டுகிறேன். ஹார்மோன் மருந்தை ஆறு மாதம் எடுத்து முடித்தால் கருத்தரிப்பது எளிதாகும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த மருந்துகள் கருமுட்டை வெளியாவதை அடக்குபவை. இவற்றை எடுத்துவிட்டு நிறுத்துவதால் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. ஆகவே, குழந்தை வேண்டுவோர்க்கு அந்த நோக்கத்துக்காக இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம் என்பது சிறிய காலமன்று. அடுத்து, டைனோஜெஸ்ட் எடுப்பவர்களுக்குத் தனியே கருத்தடை வேண்டியதில்லை என்ற வரி. 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் தனி மாத்திரை கருத்தடைக்கென அனுமதி பெற்றதல்ல. அதை எடுக்கும்போது கருத்தரிக்க விரும்பாதவர்கள் ஹார்மோன் இல்லாத வேறொரு கருத்தடை முறையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றுதான் மருந்தோடு வரும் குறிப்பிலேயே உள்ளது. இந்த இரண்டு திருத்தங்களையும், மூலையில் சிறிய எழுத்தில் அல்லாமல், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி